யாரும் வெரட்டுறாங்களா தம்பி?

மாசி பிறந்துவிட்டால் சென்னையில் மின்விசிறியை ஐந்தில் வைத்துவிடுவோம். அதே மாசியில், இலங்கை மலையகத்து வட்டகொடையில், விடியற்காலை நாலரை மணிக்கு வாயைத் திறந்தால் புகை வந்தது. இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, கையுறை எல்லாம் போட்டும் பல் தந்தியடித்தது. வீட்டுக்கார அம்மா ஒரு தம்ளர் சாயத்தண்ணி கொண்டுவந்து நீட்டினார். பால் கிடையாது, இஞ்சி தட்டிப்போட்டு, சீனி தூக்கலாக. குடிக்கத் தோன்றவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தம்ளரை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். "குடிங்க தம்பி, ஆறிரும்" என்றார். அவர் உடம்பில் ஒரு நூல் சேலை, தோளில் ஒரு துவாய், அவ்வளவுதான். "இதெல்லாம் ஒரு குளிரா? மார்கழி, தையில வந்து பாத்திருக்கணும். துகள்பனி கொட்டிக் கொழுந்தெல்லாம் கருகிப் போயிரும்."

கீழே எங்கோ தப்பு முழங்கிக்கொண்டிருந்தது. மாசி வளர்பிறையில் காமன் நட்டுவிட்டால் தோட்டங்களில் ராத்திரியெல்லாம் கூத்துதான். மன்மதன் எரிவதையும் ரதி அழுவதையும் பார்க்கக் கைக்குழந்தையோடு வந்து பனியில் உட்கார்ந்திருப்பார்களாம். நம் பக்கத்தில் சில ஊர்களில் மட்டும் மிஞ்சியிருக்கிற கூத்து, இங்கே கடல் தாண்டி வந்து தோட்டத்துக்குத் தோட்டம் வேர்பிடித்து நிற்கிறது. அந்தச் சத்தத்தில்தான் நான் ஷூ நாடாவை இரட்டை முடிச்சுப் போட்டேன்.

வந்த காரியம் ஓடுவது. மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர், அதைத் தாண்டி எவ்வளவு ஓடினாலும் அல்ட்ரா. வட்டகொடையில் கிளம்பி, கொட்டகலை, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓடுவது எங்கள் திட்டம். பந்தயம் இல்லை, பதக்கம் இல்லை, மார்பில் குத்திக்கொள்ள எண் அட்டையும் இல்லை. சென்னையிலிருந்து வந்த மூன்று பேர், கொட்டகலைப் பக்கத்து விளையாட்டு ஆசிரியர் ஒருவர், அவரிடம் படித்த இரண்டு இளைஞர்கள், பின்னால் சாலை வழியே சாமான் சுமந்து வரும் ஒரு ஓட்டோ. இவ்வளவுதான் ஏற்பாடு. ஆசிரியரை இங்கே எல்லோரும் 'சேர்' என்கிறார்கள். எனக்குப் பத்து வயது இளையவர். ஆனாலும் அரை நாளில் நானும் 'சேர்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் என்னை 'அண்ணே' என்றார்.

நாங்கள் ஓடிய தடம் பெக்கோ ட்ரெயில். கண்டிக்கு மேலே ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகத்தருகே தொடங்கி, மலையகத்தை ஒரு சுற்றுச் சுற்றி நுவரெலியாவில் போய் முடிகிற, 300 கிலோமீட்டருக்கும் கூடிய நடைபாதை. 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்து வண்டிப் பாதைகளையும் தோட்டத்துக் குறுக்கு வழிகளையும் தேடிப்பிடித்து ஒன்றாகக் கோத்தவர் மிகேல் குனாட் என்ற ஸ்பெயின்காரர். இலங்கையிலேயே வெகுகாலமாக வசிப்பவர். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பணம் கொடுத்தன. நடப்பதற்காகப் போட்ட பாதையில் ஓடுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் ஓட்டக்காரர்களுக்குப் பாதையைக் கண்டால் கால் சும்மா இருக்குமா?

முந்தின நாள் ரயிலைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. கொழும்புக் கோட்டையிலிருந்து மலையேற ஏறக்குறைய அரை நாள் ஆயிற்று. அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது என்கிற மாதிரி ஊர்ந்தது ரயில். நாவலப்பிட்டி தாண்டியதும் காற்றின் வாசனையே மாறியது. ஈர மண், யூகலிப்டஸ், விறகுப் புகை. ஹட்டனில் கூட்டம் இறங்கியது, சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள். ஹட்டனை விட்டதும் சிங்கமலைச் சுரங்கம். உள்ளே நுழைந்ததும் பெட்டியில் இருந்த பள்ளிப்பிள்ளைகள் ஒரே குரலில் ஊளையிட்டார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். வெளியே வந்தால் கொட்டகலை. அதைத் தாண்டி வலப்பக்கமா இடப்பக்கமா என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குள் டெவன் அருவியும் சென்கிளேயர் அருவியும் வந்து மறைந்தன. குற்றாலத்தில் அருவியென்றால் தலையைக் கொடுத்து நிற்போம். இங்கே அருவி எட்டத்தில், பச்சைக்கு நடுவே, யாரும் குளிக்காமல் தனியாக விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அது கொஞ்சம் அநியாயமாகப் பட்டது.

ரயில் நிலையப் பலகைகளில் தமிழ். கடைப் பலகைகளில் தமிழ். தலவாக்கலையில் இறங்கியதும் ஓட்டோக்காரர் கேட்டதும் தமிழ்: "எங்கிட்டுப் போகணும் அண்ணே?" வெளிநாட்டுக்கு வந்து விழிப்பதற்குத் தயாராக இருந்தவனுக்கு இது பெரிய ஏமாற்றம்!

சென்னைக்காரன் மலை ஓட்டத்துக்குத் தயாராவது ஒரு தனிக் கூத்து. எங்கள் ஊரில் இருக்கிற ஆகப்பெரிய ஏற்றம் கத்திப்பாரா மேம்பாலம். அதில் ஓடினால் போலீஸ்காரர் பிடித்துக்கொள்வார். அதனால் பரங்கிமலைப் படிகள். அது பழகிப்போனதும் திருக்கழுக்குன்றத்து ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். 'எந்த வேண்டுதலுக்குத் தம்பி இத்தனை தடவை ஏறுறீங்க?' என்று பூக்கார அம்மா கேட்கும் அளவுக்கு ஏறினோம். பிறகு கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடம். ஏற்றம் மூச்சை வாங்கும், அவ்வளவுதான். இறக்கம் தொடையைப் பிய்த்துவிடும். ஒவ்வொரு அடிக்கும் உடம்பின் முழுப் பாரத்தையும் தொடைத்தசை நீண்டுகொண்டே தாங்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பழகாத கால் முப்பதாவது கிலோமீட்டரில் மரக்கட்டை ஆகிவிடும். இறங்கி இறங்கித்தான் இறக்கத்துக்குப் பழக வேண்டும். வேறு மருந்து கிடையாது. தெரிந்த மருத்துவரிடம் இருதயத்தைக் காட்டிவிட்டு வந்தோம். ஓடும்போது என்ன சாப்பிடப்போகிறோமோ அதையே நீண்ட ஓட்டங்களில் சாப்பிட்டுப் பார்த்தோம். வயிறு ஒத்துழைக்காவிட்டால் கால் எவ்வளவு பலமாக இருந்தும் பயனில்லை.

இவ்வளவு செய்தும், கிளம்பும் முன் சேர் எங்கள் பைகளைத் தரையில் கொட்டச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பது போலத்தான்! தலைவிளக்கு, விசில், மழைச்சட்டை, முழுக்கை உள்சட்டை, ஜீவனிப் பொட்டலம் (இங்கே உப்புச்சர்க்கரைக் கரைசலுக்கு ஜீவனி என்றுதான் பெயர்), கட்டுத்துணி, முழுச் சார்ஜ் ஏற்றிய போன், உடம்பைச் சுற்றிக்கொள்ளும் வெள்ளித்தாள் போர்வை. எங்கள் வேளச்சேரி நண்பர் அந்தப் போர்வையை எடுத்து, "சேர், இது பிரியாணிப் பொட்டலம் கட்டுறதுக்கா?" என்றார். சேர் சிரிக்கவில்லை. 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தைப் பற்றிச் சொன்னார். வெயிலடித்த காலைப்பொழுதில் மெல்லிய சட்டையோடு கிளம்பினார்கள். உச்சிக்குப் போனபோது ஆலங்கட்டி மழையும் சூறைக்காற்றும் வந்தன. உடம்புச்சூடு இறங்கி 21 பேர் செத்தார்கள். அந்த மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் தன் குகைக்குள் தூக்கிப்போய், தீ மூட்டி, ஆறு பேரைக் காப்பாற்றினார். செத்தவர்களில் நாட்டிலேயே பெயர்பெற்ற ஓட்டக்காரர்களும் உண்டு. நண்பர் போர்வையை மடித்து உள்ளே வைத்தார். பேச்சில்லை.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். வட்டகொடையை அடுத்த மடக்கொம்பரைத் தோட்டத்தில்தான் 1914-இல் சி.வி. வேலுப்பிள்ளை பிறந்தார். மலையகத்தின் பெருங்கவிஞர், 1947 தேர்தலில் தலவாக்கலையில் வென்று நாடாளுமன்றம் போனவர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்து, அவரைத் தேர்ந்தெடுத்த மக்களெல்லாம் நாடற்றவர்கள் ஆனார்கள். இருட்டில் தலைவிளக்கு வெளிச்சம் தேயிலைச் செடிகள்மேல் விழுந்து விழுந்து எழ, சேர் இதைச் சொல்லிக்கொண்டே ஓடினார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை. எனக்குக் கேட்பதற்கே வாங்கியது.

தேயிலை மலை தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளம் என்பார்கள். அதில் ஓடிப்பாருங்கள் தெரியும். மண் அரித்துப் போகாமல் இருக்கச் சரிவின் குறுக்கே கான் வெட்டியிருக்கிறார்கள். முழங்கால் ஆழம் இருக்கும். இரண்டு பக்கச் செடியும் மேலே கவிந்து அதை மூடிவிடுகிறது. தெரியாமல் கால் வைத்தால் கணுக்கால் போச்சு. அதைவிடப் பயங்கரம் கவ்வாத்து மலை. தேயிலையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுவார்கள், அதுதான் கவ்வாத்து. சாய்வாகச் சீவிய தண்டுகள், ஆயிரக்கணக்கில், முனையை மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இறக்கத்தில் அதன்மேல் விழுவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்கியது. "கவ்வாத்து மலையில மட்டும் நடங்க அண்ணே. பந்தயமே நடந்தாலும் நடங்க" என்றார் சேர். நடந்தோம்.

ஆறரைக்கு வெளுத்தது. பள்ளத்தாக்கு முழுக்கப் பஞ்சு கொட்டிய மாதிரி மூடுபனி. அதற்கு மேலே கிரேட் வெஸ்டர்ன் மலை மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ ஒரு வாசனை வந்தது. வாடிய இலையும் வறுத்த இலையும் கலந்த வாசனை. "ஸ்டோர்ல அரைக்கிறாங்க" என்றார் பையன்களில் ஒருவர். தேயிலைத் தொழிற்சாலைக்கு இங்கே ஸ்டோர் என்று பெயர். அதன் வாசலருகே ரோதைமுனி. தொழிற்சாலைச் சக்கரத்தைக் காவல் காக்கும் சாமி! லண்டனிலிருந்து இயந்திரத்தைக் கொண்டுவந்தவர்களுக்கு, அதற்கொரு முனியைத் துணைக்கு வைக்கத் தோன்றியிருக்குமா? நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, என் முழங்கால் மூட்டுகளையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

ஏழு மணிக்குமேல் மலைக்குப் போகிற பெண்கள் எதிரே வர ஆரம்பித்தார்கள். இடுப்பில் படங்கு, தலையில் கயிறு மாட்டிய பை, காலில் பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஒற்றையடிப் பாதை. நாங்கள் ஒதுங்கி நின்றோம். கடந்து போகும்போது ஒரு பாட்டி நின்று எங்களை மேலும் கீழும் பார்த்தார். கலர் கலரான சட்டை, முதுகில் தண்ணீர்ப் பை, அதிலிருந்து வாய்க்கு வரும் ரப்பர் குழாய்.

"ஏன் ஓடுறீங்க? யாரும் வெரட்டுறாங்களா தம்பி?"

"இல்ல பாட்டி, சும்மாதான்."

"சும்மாவா? எங்க வரைக்கும்?"

"பொகவந்தலாவைக்கு."

பாட்டி திரும்பிக் கூட வந்தவர்களிடம், "பஸ் ஓடலையாம்டி இன்னைக்கு" என்றார். மலையே சிரித்தது. அப்புறம் முகத்தை மாற்றிக்கொண்டு, மேலே கையைக் காட்டினார். "அந்த ஒசந்த மரத்துக்குக் கீழ போகாதீங்க. குளவி கட்டியிருக்கு. கழுகு வந்து கலைச்சுட்டுப் போயிருச்சின்னா அவ்வளவுதான். அந்தக் கான் வழியா எறங்கிப் போயிருங்க."

சிறுத்தை உண்டு என்று கேட்டுவிட்டு வந்திருந்தோம், அட்டை உண்டு என்று உப்பு கொண்டுவந்திருந்தோம். மலையகத்தில் ஆளைக் கொல்வது குளவி. கொழுந்து பறிக்கிறவர்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாகி ஆஸ்பத்திரிக்குப் போவது இங்கத்துப் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் செய்தி. உயிர் போவதும் உண்டு. வாசனைத் தைலம் எதையும் பூசக் கூடாது, கலைந்தால் கையை வீசக் கூடாது, முகத்தை மூடிக்கொண்டு அந்த இடத்தை விட்டு விலகிவிட வேண்டும் என்று முந்தின இரவே சேர் சொல்லியிருந்தார். ஆனால் கூடு எந்த மரத்தில் இருக்கிறது என்று எந்த வரைபடத்திலும் இல்லை. பாட்டிக்குத்தான் தெரியும். காட்டிய வழியே இறங்கினோம்.

அதற்கு அப்புறம் வந்த ஏற்றத்தில்தான் எங்கள் மானம் போனது. நாங்கள் முழங்காலில் கையை ஊன்றி, ஏறக்குறைய தவழ்ந்துகொண்டிருந்தோம். பக்கத்து வரிசையில் கொழுந்து பறித்துக்கொண்டே மூன்று பெண்கள் ஏறினார்கள். இரண்டு கையும் இலைமேல். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பட்பட்டென்று ஒடிகிற சத்தம். ஒரு கைப்பிடி நிறைந்ததும் தோளுக்குமேல் பின்னால் பைக்குள் வீச்சு. திரும்பிப் பார்ப்பதில்லை, ஒரு இலை சிந்துவதில்லை. பேச்சும் நிற்பதில்லை. எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். "18 கிலோ எடுத்தாத்தான் முழுப்பேரு" என்றார் அதில் ஒருவர், மேலே நின்று எங்களுக்காகக் காத்திருந்தபோது. முழுப்பேரு என்றால் முழு நாள் சம்பளம். அப்போது அது 1,350 ரூபாய், இலங்கைக் காசில். என் காலில் இருந்த ஷூவின் விலையை மனத்துக்குள் இலங்கை ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தேன். யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று இருந்தது.

கொட்டகலையில் ஓட்டோ அண்ணன் சாலையோரம் கடையே விரித்திருந்தார். வாழைப்பழம், உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கு, ஜீவனி கரைத்த தண்ணீர், அவர் வீட்டிலிருந்து வந்த கோதுமைமா ரொட்டியும் கட்டச் சம்பலும். வெளிநாட்டிலிருந்து தருவித்த, ஓடும்போது சாப்பிடும் பசைப் பொட்டலங்களை என் பையில் வைத்திருந்தேன். விலை சொன்னால் வீட்டில் விவாகரத்து. ரொட்டியைப் பிட்டுச் சம்பலில் தொட்டு வாயில் போட்டதும் காதுவரை உறைத்தது. கொச்சிக்காய், வெங்காயம், மாசிக் கருவாடு, எலுமிச்சை. பொட்டலங்கள் ஊருக்குத் திரும்பும்வரை பிரிபடவேயில்லை. வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கவேண்டாம் என்று மட்டும் எச்சரித்துக்கொண்டோம். வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்க, தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மயக்கம், வலிப்பு என்று கொண்டுபோய் விடும். தாகத்துக்குக் குடி, உப்போடு குடி.

கொட்டகலையிலிருந்து நோர்வூட் வரை வெயில். குளிர்ந்த காற்றும் சுள்ளென்ற வெயிலும் ஒரே நேரத்தில். வியர்ப்பதே தெரியாது, சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தால் மூக்கு உரிந்திருக்கும். லயங்கள் வந்தன, போயின. நீளமான ஒற்றைக் கட்டடத்தை அறை அறையாகத் தடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் நாலு தலைமுறை வாழ்ந்திருக்கிறது. வாசலில் மட்டும் டேலியா, ரோஜா என்று பூவாகப் பூத்துக் கிடக்கிறது. கரட், லீக்ஸ், போஞ்சி போட்ட துண்டுத் தோட்டங்கள். நாய்கள் எங்களைப் பார்த்துக் குரைத்தன. சேரைப் பார்த்து வாலாட்டின. ஓடையில் கண்ணாடித் தண்ணீர் ஓடியது. கை நீட்டிய நண்பரைப் பையன் தடுத்தார்: "மேல மலைக்கு மருந்தடிக்கிறாங்க அண்ணே."

நோர்வூட் கடந்து ஒரு முகட்டில் சேர் நிறுத்தி மேற்கே காட்டினார். முக்கோணமாக, தனியாக, நீலமாக நின்றது சிவனொளிபாதமலை. 2,243 மீட்டர். ஒரே உச்சியைச் சைவர் சிவன் பாதம் என்கிறார்கள், பௌத்தர் புத்தர் பாதம் என்கிறார்கள், இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஆதம் மலை என்கிறார்கள். டிசம்பர்ப் பௌர்ணமி தொடங்கி மே வரை ராத்திரியில் ஏறுவார்கள். கைக்குழந்தையும் ஏறும், எண்பது வயதும் ஏறும். ரப்பர் செருப்போடு ஏறுவார்களாம். மலை ஓட்டத்துக்கென்று நான் படித்த புத்தகங்களை எல்லாம் அந்தச் செருப்புகளுக்கு முன்னால் என்னத்தைச் சொல்ல.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மறைந்தது. மாசியில் மழை இல்லை என்றுதான் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். மலைக்கு மாசி தெரியவில்லை. கால் மணி நேரத்தில் மூடுபனி ஏறி, காற்று திரும்பி, சாரலாகத் தொடங்கி ஊற்றிவிட்டது. மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டோம். இருந்தும் வேளச்சேரி நண்பருக்கு உதடு கறுத்து, பேச்சுக் குழற ஆரம்பித்தது. ஏற்கெனவே வியர்வையில் நனைந்த உடம்பு, களைப்பில் வேகம் குறைந்த உடம்பு; மழையும் காற்றும் சேர்ந்தால், உடம்புச்சூடு இறங்கப் பத்துப் பன்னிரண்டு டிகிரியே போதும். "நிக்கக் கூடாது, லயத்துக்குப் போயிரலாம்" என்று சேர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்.

முதல் காம்பரா. கதவைத் தட்டவில்லை, அது திறந்தே இருந்தது. உள்ளே ஒரு பெரியவர், யார் எவர் என்று கேட்காமல், "அடுப்படிக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார். ஈரச் சட்டையைக் கழற்றி, உலர்ந்த உள்சட்டை மாட்டி, வெள்ளித்தாளைச் சுற்றி, அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்தோம். பெரியவரின் மனைவி தேத்தண்ணி கொடுத்தார், இன்னொன்று கொடுத்தார், மறுபடியும் ஒன்று. தேயிலைக் கிண்ணத்தைப் பார்த்தேன்: மண் மாதிரித் தூள். நல்ல தூளெல்லாம் கப்பலேறிப் போய்விடுகிறது. அந்தத் தூளில் போட்ட தேத்தண்ணிதான் நண்பரின் உதட்டுக்கு நிறத்தைத் திருப்பிக் கொடுத்தது.

"இந்தியாவா? கூடலூர் தெரியுமா?" என்று கேட்டார் பெரியவர். தெரியும் என்றேன். "எங்க அக்கா அங்கதான். பேப்பர் வந்துச்சு, போயிட்டா." 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். இவ்வளவு பேர் உனக்கு, இவ்வளவு பேர் எனக்கு என்று லட்சக்கணக்கில் பிரித்துக்கொண்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒரே காம்பராவில் இருந்த அக்கா இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம். கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு தேயிலை போட்டது. அந்தத் தேயிலையையும் பார்த்திருக்கிறேன். நடுவில் இருக்கிற இந்த அடுப்படியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பெரியவரின் தாத்தா, அவருக்கு முந்தியவர்கள் எல்லாம் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்களாம். படகில் மன்னார்க் கரை. அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடை. இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். கஞ்சி, காலரா, காட்டு விலங்கு. வழியில் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்கள். அது 1820களில் கோப்பிக்காகத் தொடங்கியது. 1869-இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்து எல்லாம் அழிந்த பிறகு, 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் போட்டுவைத்த தேயிலைக்குப் பின்னால் மலையே திரும்பியது. 200 ஆண்டு நிறைவில், 2023 ஜூலைக் கடைசியில் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்டில் மாத்தளை வரை அதே வழியில் நடந்து காட்டினார்கள் மலையகத்து மக்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நாங்கள் இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்திருக்கிறோம் என்பதை நான் பெரியவரிடம் சொல்லவில்லை.

மழை விட்டது. நண்பரை அதற்குமேல் ஓடவிடவில்லை. ஓட்டோ அண்ணனை வரவழைத்து ஏற்றிவிட்டோம். நண்பருக்கு வருத்தம்தான். மற்றவர்கள் வழுக்கும் இறக்கத்தில் பக்கவாட்டில் கால் வைத்து வைத்து இறங்கினோம். கெஹெல்கமு ஓயா பக்கத்திலேயே சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. மழைக்கு அட்டைகள் எழுந்துவிட்டன. உப்புக்கு வேலை வந்தது. இருட்டுவதற்கு முன்னால் பொகவந்தலாவை. பரிசுத்த மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கேமரூன் உறங்குகிறார். புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். 1879-இல் இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் இறந்தவர். வெளிச்சம் மங்கிவிட்டதால் எங்கள் போன் எடுத்த படம் எல்லாம் ஆடிப்போயிருந்தது. தொடை இரண்டும் எனக்குச் சொந்தமில்லை. கடைப் படியில் உட்கார இரண்டு பேர் என்னைப் பிடித்து இறக்கினார்கள். கொல்லிமலை மட்டும் இல்லாதிருந்தால் பிடிக்க நாலு பேர் வேண்டியிருந்திருக்கும்.

நாங்கள் ஓடிய அதே 2025-இன் நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தது. மலையகம் சரிந்தது; நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள், நாங்கள் ஊளையிட்டுப் போன ரயில் பாதை துண்டு துண்டானது. அதனால், ஓட நினைக்கிற நண்பர்களே, போகும் முன் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றாலே ஓட்டத்தை ஒத்திப்போடுங்கள். ஆபத்தென்றால் 1990 அழுத்துங்கள், காசில்லாத ஆம்புலன்ஸ் வரும். 2016-இல் இந்தியாவின் உதவியில் தொடங்கியது. ஒற்றையடிப் பாதையில் கொழுந்துப் பையோடு வருகிறவருக்கு எப்போதும் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். கட்டாயம் ஒரு உள்ளூர்க்காரரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு நாள் முழுப்பேருக்கு மேலேயே கொடுங்கள், கணக்குப் பார்க்காமல்.